சாக்பீஸ் தூளில் ஒரு கோடு

விளக்கெண்ணெய் வாசனை ஆகாதவர்கள் என் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட முடியாது, சார். பின்கட்டு அறை முழுக்க அந்த வாசனைதான். பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயை ஊற்றி ஹெலிகாப்டர் விடுகிற மனுஷன் உத்திரமேரூர் தாலுகாவிலேயே தன் புருஷன் ஒருவர்தான் என்று என் மனைவி செல்லம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொன்னது நிஜம்தான். அந்தச் சின்ன எஞ்சினுக்கு ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஓடும்போது வெள்ளையாகப் புகை வரும்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. என் பெயர் வேதாசலம். ஏட்டு எழுதுகிறார் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். சம்பவம் நடந்த அன்று ஒரு முறை என்னிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள். அதில் நான் பெரிதாகப் பொய் ஒன்றும் சொல்லவில்லை. சிலவற்றை நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விமானப்படையில் பிட்டராக இருந்தவன் நான். வடக்கே, ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கிற இடத்தில் வேலை. தேய்ந்த பேரிங்கைக் காதால் கேட்டே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று வந்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கப்பலில் வேலை பார்க்கிற என் மைத்துனன் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால் உள்ளே ஒரு ஹெலிகாப்டர், துண்டு துண்டாக. கூடவே அதைத் தூரத்தில் நின்று ஓட்டுவதற்கு ஒரு ரேடியோ பெட்டி. அது எண்பத்தொன்றாம் வருஷம்.

ஊரில் அதைப் பொம்மை என்றார்கள். பொம்மை இல்லை. இரண்டு மர இறக்கைகள், நுனியில் ஈயம் வைத்தது. முழு வேகத்தில் சுற்றும்போது ஒவ்வொரு இறக்கையும் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுப்பு இரண்டு நெல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைத் தாங்கிப் பிடிப்பது சுண்டுவிரலைவிடச் சின்னதான ஓர் எஃகுத் தண்டு. இறக்கைக்கு ஒரு தண்டு. அருள்தாஸ் என் அறைக்கு வந்த முதல் நாளே இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அருள்தாஸ் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தான். அவன் அம்மா மார்த்தாள் எங்கள் நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவள். ஒரு நாள் ஹெலிகாப்டரின் வால் தானாக இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. வால் பல்சக்கரத்தை மூன்று தரம் பிரித்துப் பூட்டினேன். அதில் கோளாறு இல்லை. அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவன் ரேடியோ பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். பொட்டிக்குள்ள ஒரு எடத்துல ஈயப்பத்து வுட்டுக்கினு கீது. அதான் ஆடுது," என்றான்.

பற்ற வைத்ததும் வால் நின்றது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவான். ரேடியோ அவன் பொறுப்பு, இரும்பு என் பொறுப்பு என்று வைத்துக்கொண்டோம். நான் சாதி பார்க்கிறவன் இல்லை, சார். படையில் எல்லாரோடும் ஒரே தட்டில் சாப்பிட்டவன். எங்கள் வீட்டில் அவனுக்கு ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. பின்வாசல் வழியாக வருவான், அறை பின்னால் இருந்ததால். அவன் டம்ளர் அந்த அறை அலமாரியிலேயே இருக்கும், எண்ணெய்க் கை என்பதால். என் டம்ளரைச் செல்லம்மாள் உள்ளே இருந்து எடுத்துவந்து கொடுப்பாள். அவன் அம்மா என்னை ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிடுவாள். அவனை மட்டும் என்னைச் ‘சார்’ என்று கூப்பிடச் சொன்னது நான்தான்.

ஓட்டுவதில் அவன் கை என் கையைவிட மேல். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏரி வற்றிய பிறகு மதகுக்குப் பக்கத்துத் தரையில்தான் விடுவோம். நான் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவேன், அவ்வளவுதான். அவன் பனைமரத்தைச் சுற்றிக் கொண்டுபோய்த் திரும்ப மதகுக்கல்மேல் இறக்குவான். கரையில் கூட்டம் கூடிவிடும். "அருளு, இன்னொரு ரவுண்டு வுடுப்பா," என்று கத்துவார்கள். பக்கத்து ஊரான பெருநகர் வரைக்கும் அதற்கு ‘அருளு எலிகாப்டரு’ என்றே பேராகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஜனங்கள் அப்படித்தான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நடுக்கம் வந்தது. காற்றில் நின்றால் உடம்பு முழுக்க உதறியது. இந்த மாதிரி நேரத்தில் அவசரப்பட்டு ஏதாவது ஒன்றை மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை. தூரத்திலிருந்து கிட்டே வர வேண்டும். முதலில் வாலைப் பார்த்தேன். பிறகு இணைப்புக் குமிழ்களை விரலால் அசைத்துப் பார்த்தேன். இரண்டு குமிழில் ஆட்டம் இருந்தது, மாற்றினேன். நடுக்கம் பாதி குறைந்தது. இறக்கைகளைத் தராசில் வைத்து எடை சரிபார்த்தேன். பேரிங்குகளைப் பெட்ரோலில் கழுவி, விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் ஒன்று மணல் கடித்தது போல் கரகரத்தது. அதையும் மாற்றினேன். மிச்ச நடுக்கம் அப்படியே இருந்தது. கடைசியாக மிஞ்சியவை இரண்டு தண்டுகள். கண்ணாடிமேல் வைத்து உருட்டினோம். வளைவு இல்லை.

"நேரா தான சார் கீது. வேற இன்னாவா இருக்கும்?" என்றான் அருள்தாஸ்.

படையில் நாங்கள் செய்கிற பழைய சோதனை ஒன்று உண்டு. தண்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்து, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். சாக்பீஸுக்கு என் மகள் கனகாவைக் கூப்பிட்டேன். அவள் பெருநகரில் டீச்சர். பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து அங்கேயே நின்றாள்.

ஒரு தண்டில் மரை தொடங்குகிற இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு எழுந்தது. "எங்க? எனக்குத் தெரியலியே," என்று கனகா குனிந்தாள். அருள்தாஸ் விரலால் சுட்டிக்காட்டவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திருப்பினான். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். பழகிய கை.

மைத்துனன் அனுப்பிய புதுத் தண்டுகள் தகர டப்பாவில் இருந்தன. அடுத்த நாள் மாற்றுவதாக இருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த கனகா நேராக அறைக்கு வந்தாள். என் மகள் தைரியசாலி, சார். ஒளித்து மறைத்துச் செய்கிற பழக்கம் கிடையாது.

"நைனா, உங்களுக்குத் தெரியாம எதுவும் பண்ணக்கூடாதுன்னுதான் சொல்றேன். அருள்தாஸ நான் கட்டிக்கப்போறேன். நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னா செங்கல்பட்டுல போய் ரிஜிஸ்டர் பண்ணிக்குவோம். ஆனா நீங்க சரின்னு சொல்லணும்னுதான் எனக்கு ஆச."

கை துடைக்கிற துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டேன். "நல்ல பையன்தான்," என்றேன். "ஆவணி பொறக்கட்டும்."

அவள் அழுதாள். என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போது நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிஷத்தில் நான் மனசாரத்தான் சொன்னேன் என்றுகூட நினைக்கிறேன்.

செல்லம்மாள்தான் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். "இன்னாங்க சொல்லிட்டீங்க. நம்ப வூட்டுக் கொல்லையில கள எடுக்கறவளுக்கு எம் பொண்ணு மருமவளா?" என்றாள். சத்தம் போடாதே என்று அவளை அடக்கினேன். பங்காளிகள் வந்து கேட்டபோதும் நான்தான் பேசினேன். காலம் மாறுகிறது என்றேன். வாத்தியார்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒருத்திதான் நம்பவில்லை. மார்த்தாள். தனியாக வந்து கொல்லையில் நின்றாள். வீட்டுக்குள் கூப்பிட்டும் வரவில்லை.

"ஆண்டே, அது சின்னப் புள்ள. தெரியாம ஆசப்பட்டுட்டுது. நான் வேணும்னா அவன இஸ்துக்கினு எங்கியாவது பூடறேன். எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல ஆண்டே?"

"எம் புள்ள மாதிரி பாத்துக்கறேன், போ," என்றேன்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. மறுத்திருக்கலாமே என்பீர்கள். மறுத்தால் அவர்கள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள். என் பெண் எங்கோ ஒரு வாடகை அறையில் கஷ்டப்படுவாள். அவன் பேரில் எனக்குக் கோபம் இருந்ததாக நினைக்காதீர்கள். கோபத்தில் செய்கிற வேலை நேராக வராது. எனக்குத் தோன்றியதெல்லாம் பொருத்தம் பற்றித்தான். நல்ல பேரிங், நல்ல தண்டு, இரண்டும் தனித்தனியே குறையில்லாதவை. அளவு வேறு என்றால் பூட்ட முடியாது. பூட்டினால் இரண்டும் கெடும். கெட்டுப்போகும் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நல்ல அப்பன் இல்லை. இதைத்தான் யோசித்துக்கொண்டு தண்டைக் கையில் வைத்திருந்தேன்.

புதியதை டப்பாவிலேயே விட்டுவிட்டுப் பழையதைப் பூட்டினேன்.

முதலில் அவ்வளவுதான் செய்தேன். என்ன நடக்கிறதோ கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஆனால் விரிசல் எப்போது ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் ஓடலாம், ஒரு வருஷமும் நிற்கலாம். வானத்தில் போகும்போது உடைந்து கரையில் நிற்கிற யார் தலையிலாவது விழுந்தால் அது பாவம். சொல்ல முடியாத வேலையை நான் எந்த நாளும் கையைவிட்டு அனுப்பியதில்லை. ஆகவே திரும்பக் கழற்றி, அந்தக் கோட்டின்மேல் முக்கோண அரத்தால் கொஞ்சம் இழுத்தேன். அளவாகத்தான். மெதுவாகச் சுற்றினால் தாங்கும். முழு வேகத்தில் தாங்காது.

இன்னொரு விஷயமும் இருந்தது. இறக்கைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் சுற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றின் நுனியில் சிவப்பு டேப், இன்னொன்றில் நீலம். சுற்றும்போது கண்ணை அந்த மட்டத்துக்கு வைத்துப் பார்த்தால் இரண்டு நிறமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இதைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் படையில் முதல் பாடம். இறக்கை கழன்றால் அது பறக்கிற மட்டம் அதுதான். ஒன்று கழன்றால் மற்றது சும்மாவும் இராது. மெஷினையே தூக்கி அடிக்கும். கிட்டே இருப்பவனுக்கு நேரம் கிடைக்காது. இந்தப் பாடத்தை மட்டும் அருள்தாஸுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அதுவரை சொல்லத் தேவை வரவில்லை. பிறகு சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வெள்ளைச் சட்டையோடு வந்தான். விடிகாலை ஜெபம் முடிந்து சர்ச்சிலிருந்து நேராக. இந்த முறை முன்வாசல் வழியாக வந்தான், நான்தான் அப்படி வரச் சொல்லியிருந்தேன். கனகாவும் எங்களோடு ஏரிக்கு வந்தாள். கூட்டம் சேருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று வெயில் ஏறுமுன் கிளம்பியிருந்தோம். கனகாவைக் கரைமேலேயே நிற்கச் சொன்னேன்.

"கிட்ட வராதம்மா. புதுசாப் பூட்டியிருக்கு."

மெஷினைத் தரையில் வைத்து எஞ்சினைக் கிளப்பினேன். நான் ரேடியோ பெட்டியோடு மதகுக்கல்லுக்குப் பின்னால் போய் நின்றேன். கல் என் மார்பு வரைக்கும் இருந்தது.

"அருளு, வாலப் புடிச்சிக்கினு குந்து. கண்ண எறக்க மட்டத்துக்கு வெச்சிக்கினு பாரு. ரெண்டு கலரும் ஒண்ணாத் தெரியுதா சொல்லு."

அவன் குந்தி, வாலைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் வெட்கம் இருந்தது அந்தப் பார்வையில்.

"மாமா, அந்தத் தண்ட மாத்திட்டிங்கல்ல?"

அதுவரை அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கனகா சொல்லிக்கொடுத்திருப்பாள்.

"மாத்திட்டேன்," என்றேன்.

இது ஒன்றுதான் நான் அவனிடம் சொன்ன பொய்.

வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். "செவப்பு கொஞ்சம் மேல கீது மாமா," என்று கத்தினான். அது நிஜமாகவே மேலேதான் இருந்தது. நல்ல கண். "இன்னும் கொஞ்சம் பாரு," என்று சொல்லிவிட்டு முழுக்க ஏற்றினேன்.

முதல் இறக்கை ஏரிக்குள் எங்கேயோ போய் விழுந்தது. இரண்டாவதுதான் அவன்மேல் பட்டது. கழுத்துக்குக் கீழே. நான் முதலில் எஞ்சினை அணைத்தேன். அதுதான் முறை. பிறகுதான் கல்லைத் தாண்டிப் போனேன். கனகா எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எங்கே அழுத்த வேண்டும் என்று நான்தான் காட்டினேன். அந்த இடத்தில் அழுத்தியும் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் ஏதாவது செய்துகொண்டிருப்பது நல்லது என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வருமுன்பே அவன் போய்விட்டான்.

மார்த்தாள் வந்தபோது என்னைத் திட்டவில்லை. மண்ணை வாரி இறைக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாத்துக்கறேன்னு சொன்னியே ஆண்டே," என்றாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீங்கள் அவளை விசாரிக்கவே இல்லை, சார்.

அடக்கத்துக்கு நான் போனேன். செலவெல்லாம் என்னுடையது. ஊரில் என்னைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள். மருமகனாக வரவேண்டியவனை இழந்த மனுஷன் என்றார்கள். பங்காளிகள் மட்டும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கை தயாராகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். டப்பாவில் புதுத் தண்டு அப்படியே இருந்ததைக் கனகா உங்களிடம் சொன்னாளாம். தேய்ந்த பாகத்தைப் பழுதுபார்த்தவர் கவனக்குறைவால் மாற்றாமல் விட்டதில் நேர்ந்த விபத்து என்று எழுதியிருக்கிறீர்களாம். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். உங்களுக்கு இயந்திரம் தெரியாது, உங்கள் வேலை வேறு. ஆனால் நேற்று கனகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் போனதிலிருந்து அவள் என்னோடு அதிகம் பேசியதில்லை. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

"நைனா, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. உங்களுக்கு வயசாயிடுச்சி. கை தளந்துபோச்சி, கண்ணும் முன்ன மாதிரி இல்ல. புதுசுன்னு நெனச்சிக்கினு பழசையே பூட்டிட்டீங்க. வேணும்னேவா பண்ணீங்க? உங்க மேல எனக்குக் கோவம் இல்ல நைனா."

கையை விடுவித்துக்கொண்டு எழுந்து பின்கட்டு அறைக்குப் போனேன். என் மகள் என்னை அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவாள். அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

இந்தக் காகிதப் பொட்டலத்தில் இருப்பது உடைந்த தண்டு. ஏரித் தரையில் நானே தேடி எடுத்தேன், அன்று நீங்கள் வருவதற்குள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரம் போன இடம் பளபளவென்று நேராக இருக்கும், அதற்கு அப்புறம் உடைந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். எங்கேயும் கை நடுங்கிய தடம் இருக்காது. பக்கத்தில் இருக்கிறது புதுத் தண்டு, பூட்டாதது. எது பழசு, எது புதுசு என்று எனக்குத் தெரியாமல் இருந்ததா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அறிக்கையில் கவனக்குறைவு என்கிற வார்த்தையை அடித்துவிடுங்கள், சார். ஓர் இடத்திலும் கவனம் குறையவில்லை. அருள்தாஸை நான்தான் கொன்றேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. கனகாவைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள், அவள் நைனாவின் கை தளரவில்லை என்று. அதைக் கேட்டால் அவள் மனசு கொஞ்சம் ஆறும்.